பிக்கப் வண்டி திரும்பும்போது "லொடக்" சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேர் ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை. மார்க்கெட் வாசலில் வண்டியை ஒடித்தால் மட்டும் முன்பக்கம் "லொடக்" என்கிறது. பிக்கப் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. காருக்குச் சொல்லும் பதிலை அப்படியே லோடு வண்டிக்கும் சொல்வதால் தேவையில்லாத பார்ட்ஸ் நிறைய மாறுகிறது. கீழே உள்ள பதில்கள் டாடா ஏஸ், தோஸ்த் மாதிரி சிறு லோடு வண்டிகளையும், டி-மேக்ஸ், ஹைலக்ஸ் மாதிரி பெரிய பிக்கப்களையும் மனதில் வைத்து எழுதியவை.

சத்தத்தோடு வண்டியை ஓட்டலாமா?

முதலில் ஓரம் கட்டி வீல் நட்டுகளைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். பஞ்சர் ஒட்டி மாட்டிய ஓரிரு நாளில் சத்தம் தொடங்கியது என்றால் சந்தேகம் முதலில் இங்கேதான் போக வேண்டும். நட்டைச் சுற்றித் துரு வடிந்த கோடோ, பளபளவென்று தேய்ந்த வளையமோ தெரிந்தால் அந்த நட் தளர்ந்தே ஓடியிருக்கிறது. சக்கர டிஸ்க்கில் போல்ட் போகும் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் இறுக்கிப் பயனில்லை, டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான். நட்டுகளை வரிசையாக அல்லாமல் எதிரெதிராக இறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு தடவை ஸ்பேனர் போடுங்கள்.

நட் சரியாக இருக்கிறது, ஆனால் ஸ்டியரிங்கில் திடீரென்று ஆட்டம் கூடியிருக்கிறது, அல்லது ஒரு முன்சக்கரம் மற்றதைவிடச் சாய்ந்து நிற்கிறது, அல்லது டை ராட் எண்ட் (ஸ்டியரிங் திருப்பலைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் முனை ஜாயிண்ட்) நட்டில் அது கழலாமல் குறுக்கே மாட்டும் ஸ்பிளிட் பின்னைக் காணோம் என்றால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். பால் ஜாயிண்டோ (சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் முனையில் இருக்கும் உருண்டை ஜாயிண்ட்) டை ராட் எண்டோ கழன்றுவிட்டால் அந்தச் சக்கரம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. 2005-இல் டொயோட்டா அமெரிக்காவில் டகோமா, டுண்ட்ரா பிக்கப்கள் உள்ளிட்ட ஏழு லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைத் திரும்ப அழைத்ததற்கு லோயர் பால் ஜாயிண்ட்தான் காரணம். தயாரிப்பின்போதே உள்ளே விழுந்த கீறல் ஜாயிண்டைச் சீக்கிரம் தேய்த்துத் தளர்த்திவிடும் என்பது அங்கே கண்ட குறை.

இந்த மூன்றும் இல்லாத சாதாரண "லொடக்" என்றால் பதற்றம் வேண்டாம். ஆனால் லோடு ஏற்றுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

ஒர்க்ஷாப்புக்குப் போவதற்கு முன் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

சத்தம் எப்போது வருகிறது என்பதை. எங்கே வருகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, அந்த ஊகம் பெரும்பாலும் தப்பாகவும் போகும். சேசிஸ் முழுக்க இரும்பு. பின்னால் தட்டினாலும் காலடியில் கேட்கும்.

வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் வருகிறதா? ஊர்ந்து போகும்போதா? வேகத்தடையில் திரும்பியபடி ஏறினால் மட்டுமா? பிரேக்கில் கால் வைத்தால் நிற்கிறதா? இடது பக்கம் ஒடித்தால் மட்டுமா, இரண்டு பக்கமுமா? காலி வண்டியிலா, லோடோடா? ஒரே ஒரு "டக்"கா, சக்கரம் சுற்றச் சுற்ற "டிக் டிக் டிக்" என்று தொடர்கிறதா? இதையெல்லாம் சொன்னால் மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்த மாதிரி. "முன்னாடி சத்தம் வருது அண்ணே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் அவர் ஒரு ரவுண்டு போவார், சத்தம் வராது, கைக்குச் சிக்கியதை மாற்றுவார்.

யூடியூபில் எல்லாரும் சி.வி. ஜாயிண்ட் என்கிறார்களே?

சக்கரம் ஒடிந்திருக்கும்போதும் என்ஜின் சுழற்சியை அதற்குக் கடத்தும் ஜாயிண்ட் அது. அவர்கள் சொல்வது முன்சக்கரம் இழுக்கும் கார்களுக்கு. நம் ஊரில் லோடு அடிக்கும் பிக்கப்களில் பெரும்பாலானவை பின்சக்கரம் தள்ளும் வண்டிகள். முன்னால் டிரைவ் ஷாஃப்டே கிடையாது, அப்புறம் சி.வி. ஜாயிண்ட் எங்கிருந்து வரும்? முன்சக்கரத்துக்கு உள்பக்கம் குனிந்து பாருங்கள். கியர்பாக்ஸ் பக்கமிருந்து சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்டும், மடிப்பு மடிப்பான ரப்பர் பூட்டும் வருகிறதா? இல்லையென்றால் இந்தக் கவலையை விட்டுவிடலாம்.

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில் அது உண்டு. பூட் கிழிந்து, கிரீஸ் சிதறி, சக்கரத்தை முழுசாக ஒடித்து மெதுவாக ஓட்டும்போது "டிக் டிக்" என்று வந்து, வேகம் கூடக் கூட அதுவும் வேகமாகிறது என்றால் வெளி ஜாயிண்ட் போய்விட்டது. ஒற்றை "லொடக்"குக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

என் வண்டியின் முன்பக்கம் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பார்த்தாலே தெரியும். இரண்டு முன்சக்கரங்களையும் இணைத்துக் குறுக்கே ஒரு கனமான இரும்பு ஆக்சில், அதன் மேல் இரு பக்கமும் நீளவாக்கில் ஸ்பிரிங் பட்டை என்றால் அது பட்டை வகை. டாடா ஏஸும் ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்தும் இப்படித்தான். இதில் சக்கரம் திரும்புவது ஆக்சில் முனையில் செங்குத்தாக நிற்கும் கிங் பின்னைச் சுற்றி.

சக்கரத்துக்கு மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், நடுவில் காயில் ஸ்பிரிங் என்றால் அது விஷ்போன் வகை. இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டும் இந்த ரகம். இதில் சக்கரம் திரும்புவது பால் ஜாயிண்டில். கிங் பின் இங்கே இருக்காது, அங்கே பால் ஜாயிண்ட் ஆர்ம் இருக்காது. ஆகவே ஒரு வண்டிக்குச் சொன்ன வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்ய முடியாது.

வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் "டக்" என்கிறது. எங்கே பார்ப்பது?

இதுதான் கண்டுபிடிக்கச் சுலபமான சத்தம். வண்டி ஓட வேண்டியதில்லை, ஜாக்கி வேண்டியதில்லை. கூட ஒரு ஆள் மட்டும் வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பவர் ஸ்டியரிங் இருந்தால் என்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பக் கூடாது. நேராக இருக்கும் நிலையிலிருந்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஜாயிண்டாகக் கை வைத்துப் பாருங்கள். காதைவிட விரல் நன்றாகக் கண்டுபிடிக்கும். தேய்ந்த ஜாயிண்டில் முதலில் ஒரு பாகம் அசையும், ஒரு நூலளவு தாமதித்துத்தான் அடுத்த பாகம் அசையும். அந்த இடைவெளி முடியும்போது விரலில் "டக்" என்று அடிக்கும். பெல்ட், ஃபேன் பக்கமும், டயருக்கும் சேசிஸுக்கும் நடுவிலும் மட்டும் கை போக வேண்டாம்.

ஸ்டியரிங் வீலிலிருந்து தொடங்கி வரிசையாகக் கீழே வாருங்கள். காலம் ஷாஃப்டில் உள்ள சின்ன யுனிவர்சல் ஜாயிண்ட் போயிருந்தால் சத்தம் கையிலேயே தெரியும், டிரைவர் காலடியில் கேட்கும். அடுத்து ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில் உட்காரும் போல்ட்டுகள். இவை தளர்ந்திருந்தால் ஒவ்வொரு திருப்பலுக்கும் பாக்ஸே ஒரு சொட்டு நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். பெயின்டில் விரிசல் விட்ட கோடும் இருக்கும். அப்புறம் பாக்ஸிலிருந்து திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராட் எண்ட். ரேக் அண்ட் பினியன் வைத்த வண்டி என்றால் ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களையும், ரேக்கின் உள்முனை ஜாயிண்டையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டியரிங் பாக்ஸ் மேல் ஒரு அட்ஜஸ்டிங் ஸ்குரூ இருக்கும். ஆட்டம் என்று சொன்னதும் அதை ஒரு சுற்று இறுக்கிவிடுவது பல இடங்களில் பழக்கம். ஆட்டம் போன மாதிரி இருக்கும், ஆனால் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. கை வலிப்பதோடு உள்ளே பல்லும் தேயும். தேய்ந்தது டை ராட் எண்ட் என்றால் பாக்ஸை இறுக்கி என்ன ஆகப்போகிறது?

கிங் பின் போயிருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

முன் ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகக் கூடாது. டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது கிங் பின்னாகவும் இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி: உள்ளே இருப்பவரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். அப்படியே இருந்தால் கிங் பின். இதே சோதனை விஷ்போன் வண்டியில் பேரிங்கையும் பால் ஜாயிண்டையும் பிரித்துக் காட்டும்.

டயரின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் பக்கம் போங்கள்.

கிங் பின் கிட் மாற்றுவதில் விஷயம் இருக்கிறது. புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் அது கோணும். பிரஸ்ஸில் வைத்து இறக்க வேண்டும். பிறகு மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் போட்டுச் சரிசெய்ய வேண்டும். லேத் பட்டறையில் இதற்கென்று நீளமான ரீமர் வைத்திருப்பார்கள். எமரித் தாளால் தேய்த்துச் சமாளிக்கிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, புஷ்ஷில் இருக்கும் கிரீஸ் ஓட்டையும் நக்கிளில் (கிங் பின்னைச் சுற்றித் திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் பாகம்) கிரீஸ் அடிக்கும் நிப்பிளுக்கு நேரே இருக்கும் ஓட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வர வேண்டும். அது தவறினால் எத்தனை தடவை கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது, புதுக் கிட்டும் சீக்கிரமே தேயும். மாட்டி முடித்த இடத்திலேயே கிரீஸ் கன் வைத்து ஒரு அடி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மேலும் கீழுமான ஆட்டத்தை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து எடுக்க வேண்டும். அடியில் இருக்கும் த்ரஸ்ட் பேரிங் பழசாகவே திரும்பப் போயிருந்தால் திருப்பும்போது "கடக்" என்பது போகாது.

கிரீஸ் அடித்தால் சத்தம் போய்விடுமா?

வறண்டுபோனதால் வந்த சத்தம் என்றால் போகும். தேய்ந்ததால் வந்தது என்றால் இரண்டு நாள் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்ப வரும். அந்த இரண்டு நாளே உங்களுக்கு விடை.

அடிக்கும் முறையும் முக்கியம். வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போது அடித்தால் கிங் பின்னின் பாரம் தாங்கும் பக்கத்துக்கு கிரீஸ் போகாது. முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். கறுத்த பழைய கிரீஸ் வெளியேறிப் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை. நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றி மாற்றுங்கள், அது சில்லறைச் சாமான்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்றால், வண்டியின் மேனுவலில் சொன்னது நல்ல ரோட்டுக்கான கணக்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தாரோடு இறங்கும் வண்டிக்கும், ஊருக்குள் கூரியர் போடும் வண்டிக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது. வளைவில் லோடு முழுக்க வெளிப்பக்க முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது, திருப்பலும் அதிகம். மழைத் தண்ணீரில் முங்கி எழுந்தாலும் உடனே அடித்துவிடுவது நல்லது.

பால் ஜாயிண்டைச் சோதிக்கும்போது ஜாக்கியை எங்கே கொடுப்பது?

பலர் தவறவிடுவது இதைத்தான். சேசிஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் ஸ்பிரிங் கீழ் ஆர்மை அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தில் தேய்ந்த ஜாயிண்டும் ஆடாமல் நல்லது மாதிரி நடிக்கும். ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்காரும் டி-மேக்ஸ், ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே கொடுங்கள். டயருக்கு அடியில் ஒரு நீளக் கம்பியை நுழைத்து மேலே நெம்புங்கள். இன்னொருவர் ஜாயிண்டைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஆர்ம் அசையாமல் நக்கிள் மட்டும் ஏறி இறங்கினால் தேய்மானம். எவ்வளவு ஆட்டம்வரை பொறுக்கலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் இருக்கும். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் அளவெல்லாம் பார்க்காதீர்கள். உள்ளே மண் போயாயிற்று.

மேடு பள்ளத்தில் திரும்பும்போது மட்டும் "லொட லொட" என்கிறது. நல்ல ரோட்டில் இல்லை.

ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பி) இருக்கும் வண்டி என்றால் முதல் சந்தேகம் அதன் லிங்க் ராட். வண்டி ஒரு பக்கம் சாயும்போதுதான் அதற்கு வேலை, அதனால்தான் நேர் ரோட்டில் அமைதி. இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, காலி வண்டியாக, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் லிங்க்கோ, பாரைப் பிடித்திருக்கும் புஷ்ஷோதான். அப்படியே மெயின் ரோட்டுக்குப் போய்விடாதீர்கள், வளைவில் வண்டி அளவுக்கு மீறிச் சாயும்.

லிங்க் இல்லையென்றால் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பரின் மேல் கீழ் ரப்பர், இந்த வரிசையில் பாருங்கள்.

லோடு இருந்தால் சத்தம் இல்லை, காலியாகத் திரும்பும்போதுதான் வருகிறது. இது என்ன கணக்கு?

லோடு அழுத்திப் பிடிக்கும் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது என்ற கணக்கு. முன்பக்கத்தைப் பிரிப்பதற்கு முன் பின்னால் போங்கள். வெளியே கட்டிய லோடு பாடி என்றால் சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைத்து யூ போல்ட் போட்டிருப்பார்கள். நாளாக நாளாகக் கட்டை காய்ந்து சுருங்கும், போல்ட் தளரும். திரும்பும்போது பாடி ஒரு பக்கம் நகர்ந்து சேசிஸில் இடிக்கும். கட்டையின் ஓரத்தில் மரத்தூள், போல்ட் அடியில் பளபளப்பு இரண்டும் சாட்சி சொல்லும். ஸ்டெப்னி தொங்கும் சங்கிலி, சீட்டுக்குக் கீழே கிடக்கும் ஜாக்கி, டெயில் கேட்டின் கொக்கி இவற்றையும் ஒரு தடவை இறுக்கிவிட்டுப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதோடு முடிந்துபோன "சஸ்பென்ஷன் வேலை" எத்தனையோ.

அடுத்தது ஸ்பிரிங் பட்டை. பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ் தேய்ந்தால் காலி வண்டியில் பட்டை உள்ளே ஆடி அடிக்கும். யூ போல்ட் தளர்ந்தாலோ சென்டர் போல்ட் முறிந்தாலோ ஆக்சிலே இடம் மாறும். அப்போது சத்தத்தோடு வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் செய்யும். அது அவசர வேலை. பட்டை வேலை செய்த வண்டியில் சில நாள் ஓடிய பிறகு யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். இந்த ஒரு வேலையை யாரும் நினைவில் வைப்பதில்லை. "கிரீச்" என்ற சத்தம் வேறு. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவது அது, ஆபத்தில்லை.

நின்ற இடத்திலிருந்து கிளட்ச் விட்டுத் திரும்பும் நொடியில் ஒரே ஒரு "ணங்".

திருப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். நேராக நிறுத்தி முன்னுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் வந்தால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் கிராஸ், சென்டர் பேரிங், வறண்டுபோன ஸ்லிப் ஜாயிண்ட் இவற்றில் ஒன்று. ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தாலே கிராஸின் ஆட்டம் தெரியும்.

பிரேக்கைத் தொட்டால் சத்தம் நின்றுவிடுகிறது?

பிரேக் பேட் காலிப்பருக்குள் தளர்வாக இருக்கிறது, அல்லது காலிப்பர் பின் தேய்ந்திருக்கிறது. பேடைப் பிடித்திருக்கும் தகட்டு கிளிப் பழுது பார்க்கும்போது தொலைந்துபோயிருக்கவும் வாய்ப்புண்டு.

முழுசாக ஒடித்தால் மட்டும் கடைசியில் ஒரு "டக்"?

அதற்கு மேல் திரும்பாமல் தடுக்கும் ஸ்டாப்பர் போல்ட்டில் இடிக்கும் சத்தம். அந்த இடத்தைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் போகும். பெரிய டயர் மாட்டியிருந்தால் டயர் பட்டையிலோ மட்கார்டிலோ உரசுகிறதா என்று பாருங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் போட்டிருக்கும்போது திரும்பினால் வண்டி இழுத்து இழுத்து "டக் டக்" என்கிறது.

வண்டியில் கோளாறு இல்லை, போட்ட இடம்தான் தப்பு. வேண்டும்போது மட்டும் போடும் வகை ஃபோர் வீல் டிரைவில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்படும். திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் முறுக்கு ஏறி, பட்டென்று விடுபடும். 2ஹெச்-க்கு (பின்சக்கரம் மட்டும் தள்ளும் நிலை) மாற்றுங்கள். லீவர் வரவில்லை, விளக்கு அணையவில்லை என்றால் சில மீட்டர் நேராக ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு விட்டுவிடும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

டை ராட் எண்டைத் தேய்ந்த பக்கம் மட்டும் மாற்றலாம். கிங் பின், ஆர்ம் புஷ், லிங்க் ராட் இவற்றை ஜோடியாக மாற்றுவதே நல்லது. ஒரே ரோட்டில் ஒரே அளவு ஓடியவை அவை. டை ராட், ஆர்ம் எதைத் தொட்டாலும் அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மிச்சப்படுத்திய காசை முன் டயர் தின்றுவிடும்.

எல்லாம் மாற்றியாயிற்று. சத்தம் அப்படியே இருக்கிறது அல்லது ஒரே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. ஏன்?

பார்ட் போலியாக இருக்கலாம், ஆனால் மாட்டிய விதத்தையும் பாருங்கள்.

ஆர்மின் ரப்பர் புஷ்ஷை வண்டி தூக்கியிருக்கும்போது, ஆர்ம் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிடுவது பெரிய தவறு. வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே ஏறும், ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கையால் பொருத்திவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, பாரம் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கல்.

டை ராட் எண்டின் கூம்பு முனை உட்காரும் ஓட்டை, பழைய ஜாயிண்ட் தளர்ந்தே ஓடியதால் நீண்டுபோயிருக்கலாம். அதில் புது எண்டைப் போட்டாலும் உட்காராது. கழற்றியதும் ஓட்டையை விரலால் தடவிப் பாருங்கள். படி தட்டினால் அந்த ஓட்டை இருக்கும் ஆர்மையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஸ்பிளிட் பின் ஓட்டை நேருக்கு வரவில்லை என்று நட்டைத் தளர்த்தி நேர் பார்ப்பதும் கூடாது. இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேருக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்பிளிட் பின் எப்போதும் புதுசு. பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போட்டிருந்தால், அந்த வேலையை இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்கள்.